பிடியரிசியும் தவணைப் பணமும்

என்னிடம் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர் இப்போது ஆயுள் காப்பீட்டு முகவராக இருக்கிறார். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய சற்று நேரத்தில் படிவங்களோடு வந்து சேர்ந்தார். முன்பு 18 விழுக்காடு வரி இருந்தது, 2025 செப்டம்பரிலிருந்து அது இல்லை என்றார். எனக்கு 46 வயதாகிவிட்டபடியால் இன்னும் தள்ளிப்போட்டால் தவணைத் தொகை ஏறும் என்றார். என் மனைவி தலையசைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நியாயமாகவே பட்டது. ஆனால் என் மரணத்துக்குப் பின் பணம் பெறுபவரின் பெயரை எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி அனுப்பிவிட்டேன். மனைவி அன்றிரவு வரை என்னோடு பேசவில்லை.

காரணம் என் தந்தை. தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் அவர் உபதேசியார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவரே எல்.ஐ.சி. முகவராக வீட்டுக்கு வந்தார். ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் பற்றி மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதை அப்பா அவருக்கு விளக்கி அனுப்பினார். வந்தவரும் விடுவதாக இல்லை, மறுபடி வந்தார். அதற்குள், விளம்பரத் தாளில் விளக்கைக் காக்கும் இரு கைகளுக்குக் கீழே இருந்த வடமொழி வரி என்னவென்று பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியரிடம் அப்பா கேட்டு வைத்திருந்தார். அது கீதையிலிருந்து எடுத்தது. அடியவர்களின் நலத்தைத் தானே சுமப்பதாகக் கண்ணன் தரும் வாக்குறுதி. அப்பா சிரித்துக்கொண்டே, "ஒங்க கம்பெனியே கடவுள் பாத்துக்கிடுவாருன்னுதான வே போட்டிருக்கு? அதுக்கு நான் எதுக்கு வே பணம் கட்டணும்?" என்றார். முகவரும் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் வெகுநாள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த பதில் அது.

1992இல் மஞ்சட்காமாலையில் அப்பா இறந்தார். எனக்கு 13 வயது, தம்பிக்கு எட்டு. அக்கா அப்போதுதான் மேல்நிலைத் தேர்வு முடித்து ஆசிரியப் பயிற்சிக்கு மனுப்போட்டிருந்தாள். கைக்கு வந்த சிறு தொகை கடனுக்கே போதவில்லை.

சபை எங்களைக் கைவிடவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துக் கடவுளுக்கென்று கலயத்தில் போடுவார்கள். ஞாயிறன்று அது கோயிலுக்கு வரும். அந்தப் பிடியரிசியில் ஒரு பங்கு ஓராண்டுக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வந்தது. நாற்பது வீட்டு அரிசி அது. புழுங்கல், பச்சை, ரேஷன், பழையது, புதியது எல்லாம் கலந்திருக்கும். எப்படி வடித்தாலும் பாதி குழைந்துவிடும், பாதி விறைத்து நிற்கும். அந்தச் சோற்றின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. அதை அன்பென்று அல்லாமல் வேறெந்தச் சொல்லாலும் குறிக்க என்னால் முடியாது. ஆனால் அந்தப் பை வாசலுக்கு வரும் நேரத்தில் நான் புறவாசலில் போய் ஒளிந்துகொள்வேன் என்பதும் உண்மை. அப்பாவோடு போய் ஏழை வீடுகளுக்கு அதே அரிசியைக் கொடுத்துவந்த பையன் நான்.

அக்கா பயிற்சிக்குப் போகவில்லை. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தமிழ் முதுகலை முடித்த 2001 வரை, ஒன்பது ஆண்டுகள். இன்றும் அவள் உட்காரும்போது முதுகு நேராக நிற்பதில்லை. அப்பாவின் விசுவாசத்துக்கு உரிய தவணையை அக்காதான் கட்டினாள் என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. தோன்றிய உடனே அப்பாவுக்குத் துரோகம் செய்துவிட்டதாகப் பயந்தும் போனேன்.

இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். அவள் கணவன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், கடவுளுக்குப் பயந்தவன். கடன் வைத்துவிட்டு இறந்துபோகிறான். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். எலிசா அவளிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய் இருக்கிறது. அது பெருகுகிறது. அதை விற்றுக் கடனை அடைத்து, மீந்ததைக் கொண்டு பிள்ளைகளோடு பிழைக்கச் சொல்கிறார். இந்தப் பகுதியை வைத்து அற்புதங்களைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இறந்துபோன அந்த நல்ல மனிதனைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

ஸ்காட்லாந்தில் சிலர் அவனைப் பற்றி யோசித்திருப்பார்கள் போலும். எடின்பரோவில் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு போதகர்கள், ஆண்டுக்கு எத்தனை போதகர்கள் இறப்பார்கள், எத்தனை விதவைகள் எஞ்சுவார்கள் என்று கணக்கிட்டு, 1744இல் ஒரு நிதியைச் சட்டபூர்வமாக ஏற்படுத்தினார்கள். காலின் மெக்லாரின் என்ற கணித அறிஞர் அந்தக் கணக்கைச் சரிபார்க்க உதவினார். உயிரோடிருக்கும் போதகர் செலுத்தும் தொகைக்கேற்ப, அவர் இறந்தபின் மனைவிக்கு ஆண்டுக்கு 10 முதல் 25 பவுன் வரை கிடைத்தது. இன்றைய ஆயுள் காப்பீட்டின் முன்னோடிகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். அவர்களும் அந்தப் பறவைகளைப் பற்றிப் பிரசங்கித்தவர்கள்தாமே!

நேர் எதிராக நிற்பவர்கள் அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள். ஆயுள் காப்பீடு கடவுள்மேலுள்ள நம்பிக்கைக்கு முரணானது என்பது அவர்கள் கொள்கை. அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தையும் காப்பீடாகவே கருதி மறுத்தார்கள். 1961இல், வரி கட்ட மறுத்த வேலன்டைன் பைலர் என்ற பென்சில்வேனிய விவசாயியின் உழவுக் குதிரைகளை அரசு அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். பெரிய சர்ச்சையாகி, 1965இல் சட்டத்தின் மூலம் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. அப்பா இவர்களைப் பற்றி அறிந்திருந்தால் கொண்டாடியிருப்பார். ஆனால் ஆமிஷ்காரரின் மறுப்புக்குப் பின்னால் ஒரு சபையே நிற்கிறது. களஞ்சியம் எரிந்தால் ஊரே கூடிக் கட்டித் தருகிறது. அப்பாவின் மறுப்புக்குப் பின்னால் நாற்பது கலயங்கள் இருந்தன. அந்த வீடுகளும் எங்கள் வீட்டைப் போன்றவையே. நான் இப்போது போகும் நகரத்துக் கோயிலில் பக்கத்து இருக்கையில் அமர்பவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நானும் அப்பாவைப் போல் மறுத்தால், யாரை நம்பி மறுக்கிறேன்? கடவுளை என்று சொல்லிவிடலாம். சுமை என்னவோ என் மகள்மேல்தான் விழும்.

வகுப்பில் புறநானூறு நடத்தும்போது பாரி மகளிர் பகுதி வந்தால் எனக்குக் குரல் கம்மிவிடும். முல்லைக்குத் தேர் ஈந்தவன் பாரி. அவன் மாண்டபின் கபிலர் அந்தப் பெண்களை விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று மணந்துகொள்ள வேண்டுகிறார், இருவரும் மறுக்கிறார்கள். பாரி அன்பில் குறைந்தவன் என்று எந்த மாணவரும் சொன்னதில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்குத் தொலைபேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அக்காவைப் பற்றிய அந்தத் தவணை நினைப்பையும். அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒங்கப்பா கையெழுத்துப் போட்டிருந்தாலும் மாசாமாசம் கட்டதுக்குத் துட்டு எங்கய்யா இருந்துச்சு? ரெண்டாம் வருசமே நின்னுபோயிருக்கும்" என்றாள். இத்தனை ஆண்டுகளில் இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. அவள் போட்டு வைத்திருக்கிறாள். பிறகு கேட்டாள்: "நீ இப்ப கட்டுததுல ஒங்கக்கா பேரயும் போட முடியுமாய்யா?"

முகவர் மறுபடி வந்தபோது கையெழுத்திட்டேன். மனைவி பெயரை எழுதி, அதற்குக் கீழே அக்காவின் பெயரைப் பென்சிலால் எழுதி அவரிடம் காட்டினேன். படிவத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்றால் சிக்கலில்லை, கூடப்பிறந்தவர் என்றால் அலுவலகத்தில் கேள்வி கேட்பார்கள் என்றார்.

"என்ன காரணம் எழுதட்டும், ஐயா?" என்று கேட்டார்.