செவலைக்கு வயசாயிடுச்சா?

தானே புயல் அடித்தது 2011 டிசம்பர் 30-ம் தேதி. கடலூர் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு எந்தக் கணக்கையும் அதிலிருந்துதான் போட வரும். வடலூரில் ஒரு ஆயா வீட்டுப் பூனையின் வயசுக் கணக்கும் அப்படித்தான். புயலில் சாய்ந்த முருங்கை மரத்தடியில் நனைந்து கத்திக்கொண்டு கிடந்தது ஒரு செவலைக் குட்டி. கண் திறந்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஆயா துணியைப் பாலில் நனைத்துக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். பேர் வைக்க ரொம்ப யோசிக்கவில்லை. செவலை, அவ்வளவுதான்.

2025 தைப்பூசத்துக்குச் சிதம்பரம் ஹாஸ்டலிலிருந்து பேத்தி வந்தபோது செவலைக்கு 13 வயசு முடிந்திருந்தது. பூனையின் முதல் வருஷம் மனுஷ வயசில் 15. இரண்டாவது வருஷம் முடியும்போது 24. அதற்குப் பிறகு வருஷத்துக்கு நாலு நாலாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக, செவலைக்கு 68. ஆயாவுக்கு 72 :-)

பேத்தி பையைக் கீழே வைப்பதற்குள் ஆயா ஆரம்பித்துவிட்டார்.

"செவலைக்கு ஏதோ நோவு பாப்பா. மூக்கு, உதடெல்லாம் பாரு, கருப்பு கருப்பாப் புள்ளி வந்துருக்கு."

"அது சரி, ஏன் ஆயா நொண்டுறான்?"

"அது வயசாயிடுச்சுல்ல. எனக்கு மட்டும் முட்டி வலிக்கலையா? நான் போடுற மாத்திரைல பாதி குடுக்கலாம்னு இருக்கேன்."

வேடிக்கை என்னவென்றால், ஆயா நோய் என்று பயந்தது வெறும் வயசு. வயசு என்று விட்டது நோய்.

அந்தக் கருப்புப் புள்ளிகள் மச்சம் மாதிரி. செவலைப் பூனைகளுக்கு வயசு ஏற ஏற மூக்கிலும் உதட்டிலும் ஈறிலும் கண் இமை ஓரத்திலும் வரும். வலி கிடையாது. மேடாகத் தடிக்காமல், புண்ணாகாமல் இருக்கும்வரை கவலைப்பட ஒன்றுமில்லை.

நொண்டலுக்கு வருவோம். பேத்தி மடியில் போட்டு முன்னங்காலை விரித்துப் பார்த்தாள். ஒரு நகம் அரிவாள் மாதிரி வளைந்து, பாதத்தின் மெத்தைக்குள்ளேயே இறங்கியிருந்தது. சுற்றிலும் சீழ். பூனையின் நகம் அடுக்கடுக்காக வளரக்கூடியது. இளசாக இருக்கும்போது மரத்தைப் பிறாண்டிப் பிறாண்டி மேல் அடுக்கைக் கழற்றிவிடும். வயசான பூனை பிறாண்டுவதைக் குறைத்துக்கொள்ளும். பழைய அடுக்கு அப்படியே தங்கித் தடித்துவிடும், உள்ளேயும் சரியாக இழுத்துக்கொள்ளாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருந்தால் யாராவது எப்போதோ பார்த்திருப்பார்கள். ஆனால் பூனை வலியைக் காட்டாது. தூங்குவதாக நினைத்துக்கொள்கிறோம்.

அந்த மாத்திரை பாராசிட்டமால். நல்ல வேளை, கொடுக்கவில்லை. அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு அநேகமாகக் கிடையாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகம் வீங்கிவிடும். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். வீட்டில் பூனை இருப்பவர்கள் இந்தப் பத்தி ஒன்றையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் செவலையைக் கூடையில் வைத்து மாட்டு டாக்டரிடம் கொண்டு போனார்கள். (இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பூனையைப் பார்த்ததும் வரிசையில் நின்ற ஆட்டுக்காரர் சிரித்தார்.) டாக்டர் நகத்தை வெட்டி எடுத்து, சீழைச் சுத்தம் செய்து, ஊசி போட்டார். பிறகுதான் முழுசாகப் பார்த்தார். கண்ணில் லேசான நீலப் புகை, அது வயசு, பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. வெயிலிலும் கருவிழி சுருங்காமல் விரிந்தே இருந்தால்தான் ரத்த அழுத்தமா என்று உடனே பார்க்க வேண்டுமாம். இடுப்புப் பக்கம் முடி திரிதிரியாக ஒட்டிக் கிடந்ததற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. முதுகை வளைத்து நக்க மூட்டு இடம் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், 12 வயசைத் தாண்டிய பூனைகளில் 90 சதவீதத்துக்கு எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிந்திருக்கிறது. செவலை மதில் மேல் ஏறுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. "அடங்கிட்டான்" என்று வீட்டில் சந்தோஷப்பட்டிருந்தார்கள்.

"தண்ணி நிறையக் குடிக்குதா?" என்று டாக்டர் கேட்டதும் ஆயா முழித்தார். கொல்லை வாளியில் தலையை விட்டுக் குடிப்பதை அவர் தினமும் பார்த்திருக்கிறார். வெயில் என்று நினைத்துவிட்டார். வயசான பூனைகளுக்குச் சிறுநீரகம்தான் பெரிய எதிரி. ரத்தப் பரிசோதனையில் தெரிய வரும்போது முக்கால்வாசி போயிருக்கும். தண்ணீர் குடிப்பது அதற்கு முன்பே கூடிவிடும். அதனால் வாளிதான் முதல் சாட்சி. செவலைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஆரம்பக் கட்டம் என்று வந்தது.

எடை 2.9 கிலோ. தொட்டாலே முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்படுகிறது. "என்ன சாப்பிடுது?" என்றார் டாக்டர்.

இங்கேதான் சிக்கல். ஆயா சன்மார்க்கக்காரர். வள்ளலார் 1867-ல் தருமசாலை தொடங்கிய ஊரில், புலால் நுழையாத வீடு. செவலைக்குப் பால் சோறும் தயிர் சோறும்தான். 13 வருஷம் அதில் எப்படி ஓடியது? ராத்திரியில் எலியும் பல்லியும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தான். ஆயாவுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். பூனைக்கு டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும், அதன் உடம்பு அதைப் போதுமான அளவு செய்துகொள்ளாது. கிடைப்பது மாமிசத்தில்தான். இல்லாவிட்டால் விழித்திரை கெடும், இதயம் தொய்ந்துவிடும். இதயத்தின் விஷயம் 1987-ல்தான் நிரூபணமானது. பல் ஆடி, கால் நொண்டி, செவலையின் வேட்டை நின்றபோது அவனுடைய நிஜமான சாப்பாடும் நின்றுவிட்டது. மிச்சம் தயிர் சோறு.

திரும்பி வரும்போது ஆயா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கேட்டார்.

"அந்தப் பாக்கெட்டுல என்னா இருக்கும்?"

"மீனுதான் ஆயா. டாரினும் சேத்துருப்பாங்க."

"பசிச்ச உசுருக்குச் சோறு போடணும்னுதான் அவரும் சொன்னாரு. இன்னொரு உசுர அடிச்சுப் போடச் சொல்லலியே."

"அப்ப வேணாமா?"

ரொம்ப நேரம் பதில் இல்லை. தூங்கிவிட்டார் என்றே பேத்தி நினைத்தாள்.

காலையில் கொல்லைக் குழாயடியில், தாழ்வாரத்துக்கு வெளியே, ஒரு பழைய அலுமினியத் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர்.

"வீட்டுக்குள்ள பிரிக்காத. இங்க வச்சுப் போடு. போட்டுட்டு கைகழுவிட்டு உள்ள வா."