பாப்பான் பட்டணத்தின் 74ஆம் எண் வீடு

வெளியூர் உறவினர்கள் ஈப்போவுக்கு வந்தால் எங்கே அழைத்துப் போவது என்று நம்மிடம் ஒரு பட்டியல் உண்டு. குகைக் கோயில்கள், வெள்ளைக் கோப்பி, அதன் பிறகு பத்து காஜா பக்கமுள்ள கெல்லி கோட்டை. அந்தப் பட்டியலில் பாப்பான் இருப்பதில்லை. ஈப்போவிலிருந்து மெங்லெம்பு, லாஹாட் வழியாகப் பூசிங் போகும் சாலையில் அரை மணி நேரத்தில் வந்துவிடும் சின்னச் சீனப் பட்டணம் அது. கோட்டையையும் பாப்பானையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். போன மாதம் நானும் என் மாமா மகனும் அப்படித்தான் கிளம்பினோம்.

மலாயில் ‘பாப்பான்’ என்றால் பலகை. பேர் பலகையில் வந்தாலும் ஊர் வளர்ந்தது ஈயத்தால். சுமத்ராவிலிருந்து வந்த மண்டைலிங் மக்களும் சீனச் சுரங்கத் தொழிலாளர்களும் சேர்ந்து உருவாக்கிய இடம் இது. மண்டைலிங் தலைவர் ராஜா பிலா 1896இல் கட்டிய மாளிகையும், அதற்கும் முந்தைய 1888ஆம் ஆண்டுப் பள்ளிவாசலும் ஊரின் ஓரத்தில் இன்னும் நிற்கின்றன.

பெரிய தெரு என்பது இருபுறமும் கடைவீடுகள் கொண்ட ஒற்றைத் தெருதான். ஈயம் போனது, இளையவர்களும் போய்விட்டார்கள். கூரை இடிந்த வீடுகளுக்குள் ஆலமர வேர்கள் இறங்கிச் சுவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. சில வீடுகளில் சுவர் மரத்தைத் தாங்குகிறதா, மரம் சுவரைத் தாங்குகிறதா என்றே தெரியவில்லை. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சீன மூதாட்டி ஒருவர் எங்களைப் பார்த்ததும், “மிசி வீடா?” என்று மலாயில் கேட்டுவிட்டு, நாங்கள் பதில் சொல்வதற்குள் கையை நீட்டிக் காட்டினார்.

மிசி என்றால் தாதி. அந்தத் தாதிதான் சிபில் கார்த்திகேசு. 1899இல் சுமத்ராவின் மேடானில் யுரேசியக் குடும்பத்தில் பிறந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்று, 1919இல் இலங்கைத் தமிழரான டாக்டர் அப்தோன் கிளமென்ட் கார்த்திகேசுவை மணந்தார். இருவரும் ஈப்போ புருஸ்டர் சாலையில் மருந்தகம் நடத்தினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஈப்போவை நெருங்கியபோது குடும்பம் பாப்பானுக்கு இடம் மாறியது. 74ஆம் எண் வீடு மருந்தகமானது.

சிபிலுக்குக் கன்டோனிய மொழி சரளமாக வரும். பகலில் ஊர் மக்களுக்குப் பிரசவமும் காய்ச்சல் மருந்தும். இரவில் காட்டிலிருந்து பின்வாசல் வழியாக வந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்குக் காயக்கட்டு. அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். வீட்டுக்குள் மறைத்து வைத்த வானொலியில் பிபிசி செய்தியைக் கேட்டு, நம்பிக்கையானவர்களிடம் சொல்லி வந்தார். வானொலி கேட்டது தெரிந்தாலே தலை போகும் காலம் அது.

1943இல் குடும்பமே பிடிபட்டது. கணவரும் மகனும் சித்திரவதைக்கு ஆளானார்கள். வாய் திறக்க மறுத்த சிபிலின் கண் முன்னே அவருடைய சின்ன மகளை மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டுவதாக மிரட்டினார்கள். அப்போதும் அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. போர் முடிந்து 1945இல் பத்து காஜா சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காகப் பிரிட்டன் சென்றார். 1947இல் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. மறு ஆண்டு ஸ்காட்லாந்தில் காலமானார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1954இல் புத்தகமாக வந்தன. உடல் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. ஈப்போ பேர் பார்க் பகுதியில் அவர் பெயரில் சாலை ஒன்றும் இருக்கிறது.

74ஆம் எண் வீட்டை இன்று நினைவில்லமாகக் காத்து வருபவர்கள் மரபு ஆர்வலர்கள். எந்நேரமும் திறந்திருக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

அங்கிருந்து பூசிங் வழியாகப் பத்து காஜா போனோம். சிபில் அடைபட்டிருந்த சிறை உள்ள அதே ஊரின் எல்லையில்தான் கெல்லி கோட்டையும் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், காட்டை அழித்து ரப்பர் நட்டு, கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் துரையானவர். 1915இல் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். அதற்காக மதராசிலிருந்து 70 கைவினைஞர்களை வரவழைத்தார். மின்தூக்கிக்கும் இடம் ஒதுக்கினார். 1926இல் லிஸ்பனில் அவர் நிமோனியாவால் இறந்ததும் வேலை நின்றது. கட்டி முடிக்காத அந்தச் செங்கல் மாளிகையில் இன்று கட்டணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. வேலை நடந்துகொண்டிருந்த நாளில் கொள்ளைக் காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் பலர் மடிந்தார்கள். அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று மற்றவர்கள் கேட்க, துரை கட்டிக் கொடுத்தார். அந்த நன்றிக்கு அவர் சிலையையும் கோயில் கூரையில் சாமி சிலைகளோடு நிற்க வைத்தார்கள்.

அண்ணாந்து அந்தச் சிலையைப் பார்த்தபோது மாமா மகன் கேட்டான்: “துரை பேர் தெரியுது. செத்துப்போனவங்க பேர் ஒன்னாவது தெரியுமா?” என்னிடம் பதில் இல்லை.

கோட்டைக்குப் பெயர் கொடுத்தவர் முதலாளி. சிபில் தன் கதையைத் தானே எழுதினார், அதனால் 74ஆம் எண் வீடு பிழைத்தது. சுண்ணாம்பு குழைத்தவர்களும் பால்மரம் சீவியவர்களும் எழுதவில்லை. அவர்கள் இருந்த லயங்களும் போய்விட்டன. நாங்கள் வந்த வழியெங்கும் செம்பனைதான். என் தாத்தா வேலை செய்த தோட்டத்தில் இப்போது மிஞ்சியிருப்பது ஒரு சின்னக் கோயில் மட்டும். ஆண்டுத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து மக்கள் பல ஊர்களிலிருந்து வந்து கூடிக் கலைகிறார்கள்.

பாப்பானில் யாரோ சிலர் ஓர் இடிந்த வீட்டைத் தாங்கிப் பிடித்ததால்தான் நான் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொண்டேன். நமக்கு அதைவிட எளிய வேலை ஒன்று இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தையும் தோட்டத்து வாழ்க்கையையும் பற்றிச் சொல்ல வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால், அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். எந்த லயம், யார் கங்காணி, யார் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை என்று. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.