தந்தையாரின் கையும் ஒரு வரைபலகையும்

இராஜபாளையத்து வீதிகளுக்கு ஒரு காலத்தில் சுவரெழுத்தே முகமாயிருந்தது. பஞ்சாலைகளின் பெயர்கள், ஜவுளிக் கடைகளின் பெயர்கள், திரைப்பட அறிவிப்புகள் யாவும் மனிதர் கையால் எழுதப்பட்டன. நாற்பது ஆண்டுகள் அவ்வாறு எழுதிய கைகளுள் எங்கள் தந்தையாரின் கையும் ஒன்று. ஃபிளெக்ஸ் பதாகைகள் வந்தபின் அந்தக் கைக்கு வேலை குறைந்தது. பிறகு இல்லாமலே போயிற்று. வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆயினும் வேலையற்ற கை ஒரு மனிதரைச் சிறுகச் சிறுக எப்படி மௌனமாக்கும் என்பதை அவருடைய மக்களாகிய நாங்கள் அருகிருந்து கண்டோம்.

பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அவ்வூரில் பால்கோவா செய்து விற்கும் பழைய நண்பர் ஒருவர், தம் கடைப் பெயரைத் தந்தையார் எழுதிய பழைய பலகையின் சாயலிலேயே புதிய பெட்டியிலும் அச்சிட விரும்பினார். கொண்டைய ராஜூவின் ஓவியங்கள் நாட்காட்டிகளாகிய சிவகாசியில்தான் பெட்டியும் அச்சாக வேண்டும். அச்சகத்தாரோ எழுத்தைக் கணினிக் கோப்பாகவே கேட்டனர். மவுஸைப் பிடித்துத் தந்தையார் ஒரு 'ழ' வரைந்தார். அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அது அவருடைய கையின் குற்றமன்று. மவுஸ், தான் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே கணினிக்குச் சொல்லும். எங்கே நிற்கிறது என்பதை அறியாது. 'பென் டேப்லட்' எனக் கடைகளில் வழங்கும் வரைபலகையில் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளிக்கு உரியது. இது இன்று நேற்று வந்த கருவியுமன்று. 1964இலேயே அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், மெல்லிய செப்புக் கம்பிகளைப் பின்னலாகப் பதித்த இத்தகைய பலகையை உருவாக்கியது. 1983இல் ஜப்பானில் தோன்றிய வாகாம் நிறுவனம், கம்பித் தொடர்பும் மின்கலமும் வேண்டாத பேனாவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பலகை அனுப்பும் மின்காந்த அலையிலிருந்தே அப்பேனா தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெற்றுக்கொள்கிறது. தந்தையாரிடம் இதைச் சொன்னபோது, பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எதை வாங்குவது? திரையோடு கூடிய பலகை விலை மிகுந்தது. திரையற்றதில் கை மேசைமேலும் கண் கணினித் திரைமேலும் இருக்க வேண்டும்; இந்த வயதில் இயலுமா என்று அஞ்சினோம். அறிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டே நாளில் பழகிவிட்டார். காரணத்தை அவரே சொன்னார்: "பிரஷ் நுனியை எவன் பார்ப்பான்? கோடு போய்ச் சேருகிற இடத்தைத்தான் பார்ப்போம்." இளைஞர்கள் வாரக்கணக்கில் பழகவேண்டியது அவருக்குத் தொழிலிலேயே அமைந்திருந்தது.

அளவில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. சிறிய பலகை மணிக்கட்டால் எழுதுவோர்க்குப் போதும். சுவரெழுத்தாளரோ தோளிலிருந்து எழுதுபவர். ஆகவே பெரியதையே வாங்கினோம். அழுத்தத்தை 8,192 படிகளில் உணரும் எனக் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். அந்த எண்ணிக்கையை எந்தக் கை உணரப்போகிறது! எவ்வளவு மெல்லிய தொடுகையில் கோடு விழத் தொடங்குகிறது என்பதே நாங்கள் சோதித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. பலகையின் நீள அகல விகிதத்தைத் திரையோடு பொருத்தும் அமைப்பையும் சரிசெய்தோம். இல்லையெனில் கை போடும் வட்டம் திரையில் முட்டையாகிவிடும். மென்பொருளுக்குச் செலவில்லை. இங்க்ஸ்கேப் இலவசமாகவே கிடைக்கிறது.

பெட்டிக்குரிய எழுத்து பதினோராம் நாள் முடிந்தது. தூரிகை போலவே அழுத்திப் பிடிப்பதால் பேனாவின் நுனி விரைவில் தேய்கிறது. உடன் வந்த மாற்று நுனிகளில் இரண்டு தீர்ந்துவிட்டன. இப்பொழுது வீட்டில் வேறொரு வழக்கு நடக்கிறது. எழுத்து எத்தனை அடி உயரம் என்று கணக்கிட்டே தந்தையார் வாழ்நாளெல்லாம் கூலி வாங்கினார். இந்த எழுத்தோ பெட்டிக்குச் சுருங்கும். கடை முகப்புக்கு விரியும். இதற்கு எத்தனை அடிக்குக் கூலி கேட்பது என்கிறார். நண்பர் ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அது மிக அதிகம் என்று தந்தையார் இன்னும் வாங்க மறுத்துக்கொண்டிருக்கிறார்.