சேத்துல நட்ட செடியும் நான் ஆத்துல விட்ட மாலையும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

போன வாரம் நம்ம வாட்ஸ்அப் குழுவுல ஒரு அண்ணன் கேட்டிருந்தார்: "கோயில் தொண்டர்களுக்கு சேத்துல மரம் நடுறதுதான் வேலையா? உழவாரப் பணிக்கே ஆள் பத்தலையே." கேள்வியில தப்பே இல்லை. ஒரு வருஷத்துக்கு முன்னாடி இருந்தா நானே அப்படித்தான் கேட்டிருப்பேன். அங்கேயே பதில் எழுத ஆரம்பிச்சேன், நீண்டுக்கிட்டே போச்சு. அதனால இங்க எழுதுறேன்.

நான் பிறந்தது பீடோங் பக்கத்து எஸ்டேட்டுல. எங்க லயத்துக்குப் பின்னால ஒரு சின்ன ஆறு. அம்மா பால்மரம் வெட்டிட்டு வந்து அங்கதான் துணி துவைப்பாங்க. நாங்க பசங்க கொசுவலையை விரிச்சு மீன் பிடிப்போம். மாரியம்மன் திருவிழா முடிஞ்சதும் கரகம் அந்த ஆத்துலதான் இறங்கும். பறை அடங்கி, தண்ணியில பூ மிதந்து போறதைப் பார்த்துக்கிட்டே நிப்போம். ஆத்தா கடலுக்குப் போறான்னு பாட்டி சொல்லும். அந்தக் காலத்து மாலை வாழைநாருல கட்டினது. கரகம் மண் குடம், வேப்பிலை, பூ. போன வழி தெரியாம ஆத்தோட கரைஞ்சிடும்.

அப்புறம் எஸ்டேட் கைமாறிச்சு. பால்மரம் போய் செம்பனை வந்தது. நாங்க சுங்கை பட்டாணிக்கு வந்துட்டோம். இங்கேயும் ஊரு பேருலயே ஆறு இருக்கு. அந்த சுங்கை பட்டாணி ஆறு போய் மெர்போக் ஆத்துல சேருது. மெர்போக் தஞ்சோங் டாவாய் பக்கம் கடல்ல கலக்குது. பூஜாங் பள்ளத்தாக்குல நம்ம முன்னோர் கட்டின கோயில்களுக்குக் கப்பல் வந்த வழியும் இந்த மெர்போக்தான். தினமும் பாலத்து மேல காடி ஓட்டிக்கிட்டுப் போறோம், கீழே எட்டிப் பார்க்குறதில்லை.

எங்கம்மா இறந்தப்போ அஸ்தி கரைக்க மெர்போக் முகத்துவாரத்துக்குத்தான் போனோம். படகுல நின்னு கரைச்சேன். மாலை, சிவப்புத் துணி, சூடம் வாங்கின பிளாஸ்டிக் பை, எல்லாத்தையும் சேர்த்தே தண்ணியில விட்டேன். சாமிக்குப் போனதை வீட்டுக்குத் திரும்பக் கொண்டு போகக் கூடாதுன்னு ஒரு எண்ணம். கை கழுவிட்டு வந்துட்டேன். அதை நான் மறுபடி நினைச்சதே இல்லை. போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் நம்ம இளைஞர் பிரிவு பசங்க பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கிட்டு பினாங்கு மாநிலம் நிபோங் திபால் பக்கத்துல சுங்கை ஆச்சே போனேன். அங்க பினாங்கு கடலோர மீனவர் நல சங்கம் இருக்கு. பிஃப்வான்னு சொல்லுவாங்க. 1994-ல சின்னப் படகு மீனவர்கள் சேர்ந்து ஆரம்பிச்சது. இழுவைப் படகு கரையோரம் வரைக்கும் வந்து குஞ்சு குளுவானையெல்லாம் வாரிட்டுப் போகுது. இன்னொரு பக்கம் கண்டல் காட்டை வெட்டி இறால் குளம் போடுறாங்க. பிடிக்கப் போன வலை காலியா வருது. சாதாரணமா இந்த மாதிரி நேரத்துல நாம என்ன செய்வோம்? மனு எழுதுவோம். அவங்களும் எழுதினாங்க. எழுதினதோட நிக்காம 1997-லேர்ந்து தாங்களே மரம் நட ஆரம்பிச்சாங்க. ஹாஜி இலியாஸ் ஷாஃபி தலைமையில லட்சக்கணக்கான கண்டல் செடி நட்டிருக்காங்க. சம்பளம் கிடையாது. கடலுக்குப் போகாத நாள்ல சேத்துக்குப் போறாங்க, அவ்வளவுதான்.

ஏன் கண்டல் மரம்? இறாலும் நண்டும் பல மீன் குஞ்சும் வளர்ற தொட்டில் அந்த வேருக்கு அடியிலதான். நாம கடையில வாங்கற சியாக்காப், ஊர்ல கொடுவான்னு சொல்ற மீனையே எடுத்துக்குங்க. ஆத்துல வளர்ந்து, முட்டை போட முகத்துவாரத்துக்கு இறங்கி வரும். குஞ்சுகள் கண்டல் வேருக்குள்ள ஒளிஞ்சு வளரும். கனடா பக்கம் சால்மன் மீன் இதுக்கு நேர் எதிர். கடல்ல வளர்ந்துட்டு, பிறந்த ஓடையையே தேடி மேல ஏறிப் போய் முட்டை போடும். அங்கேயும் அந்த ஓடைகளைச் சுத்தம் பண்ணி, கரையில மரம் நட்டுக் காப்பாத்துறதுல ஊர்க்காரத் தொண்டர்கள் நிறைய பேர் இருக்காங்க. மீனுக்குப் போக வர வழி வேணும், குஞ்சு வளர இடம் வேணும். எந்த நாட்டு மீனுக்கும் இதுதான்.

அன்னைக்கு எங்களுக்கு வழிகாட்டினவர் எழுபது வயசு இருக்கும் ஒரு பாக் சிக். தண்ணி வத்துற நேரம் பார்த்து எங்களைச் சேத்துல இறக்கினார். முழங்கால் வரைக்கும் உள்ள போகுது. பசங்க கத்துறாங்க, சிரிக்கிறாங்க. கண்டல் விதை மரத்துலயே முளை விட்டு, முருங்கைக்காய் மாதிரி நீளமாத் தொங்கும். அதை சேத்துல நட்டு, அலை சாய்க்காம குச்சியில கட்டணும். "நட்டது எல்லாம் பிழைக்காது. நண்டு கடிக்கும், அலை பிடுங்கும். அதனால மறுபடியும் வந்து பார்க்கணும்"ன்னார். மரம் நட்டுப் படம் எடுத்துட்டுப் போறவங்க நிறைய, திரும்பி வர்றவங்கதான் கம்மியாம். எனக்குச் சுருக்குன்னு இருந்தது. எங்க கையிலயும் போன் தயாராத்தான் இருந்தது.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். முன்னாடி நட்ட ஒரு செடி, ரெண்டு இலை விட்டிருக்கு. அதோட கழுத்துல ஒரு மாலை. பூ எல்லாம் அழுகிப் போச்சு, நைலான் கயிறு மட்டும் நாலு சுத்து சுத்தி இறுக்கியிருக்கு. கூடவே ஜிகினா ஓரம் வச்ச சிவப்புத் துணி. செடி பாதி சாய்ஞ்சு கிடக்குது.

எங்க கோயில் மாலை இல்லை அது. ஆனா எங்களோடதுதான். பசங்க எல்லாரும் என்னைப் பார்க்குறாங்க.

பாக் சிக் ஒண்ணும் சொல்லலை. குனிஞ்சு, செடிக்கு வலிக்காத மாதிரி மெதுவா கயிறைச் சுத்திச் சுத்தி எடுத்தார். சேத்துல எறியலை. தண்ணியில அலசி, துணியை மடிச்சு, ஒரு கிளையில தொங்க விட்டார். "இது உங்க சாமி பொருள்தானே ஆடேக். கால்ல படக் கூடாது. போகும்போது எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னார்.

திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன். ஃபேக்டரிக் கழிவு வரலையா, மத்தவங்க குப்பை போடலையான்னு கேட்டிருப்பேன். அவர் நம்ம சாமிக்கு மரியாதை கொடுத்தார். நான் எங்கம்மா மாலைக்குக் கொடுக்காத மரியாதை. அது எந்தச் செடியைச் சுத்திக்கிட்டுக் கிடக்கோ. அங்கேயே நின்னு அழுதேன். வேர்வைன்னு பசங்க நினைச்சிருப்பாங்க.

திரும்பி வர்ற வழியில ஒரு மரத்துல கை வைக்கப் போனேன். "தொடாதீங்க! பூத்தா-பூத்தா. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்"ன்னு தடுத்தார். பூத்தான்னா மலாய்ல குருடு. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தா, அது தில்லை மரம்! சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வரக் காரணமான மரம், நடராஜப் பெருமானோட தல விருட்சம். ஒரு காலத்துல அங்க தில்லை வனமா இருந்தது. இன்னைக்கு சிதம்பரத்துக்குப் பக்கத்துல பிச்சாவரத்துல அந்தச் சதுப்புக் காட்டைப் பார்க்கலாம். ஐம்பது வருஷமா தேவாரம் கேட்டு வளர்ந்தவன் நான். தில்லை மரம் எப்படி இருக்கும்னு ஒரு மலாய் மீனவர் காட்ட வேண்டியிருந்தது. நம்ம மெர்போக்கும் சாதாரணக் காடு இல்லை. சுமார் நாற்பது சதுர கிலோமீட்டர்ல முப்பது வகை கண்டல் மரம் இருக்குன்னு ஆராய்ச்சி செஞ்சவங்க சொல்றாங்க.

2004 டிசம்பர் 26 சுனாமியை கெடாக்காரங்க மறந்திருக்க மாட்டோம். மலேசியாவுல 68 பேர் போனாங்க. கோத்தா கோல மூடாவுல உடைஞ்ச படகுகளை அடுக்கி வச்ச நினைவிடத்தைப் பார்த்திருப்பீங்க. கண்டல் காடு அலையோட வேகத்தைத் தணிக்கும்னு மீனவர்கள் சொன்னது அதுக்கப்புறம்தான் எல்லார் காதுலயும் ஏறிச்சு. 2005-ல அரசாங்கமே கடலோரத்துல மரம் நடும் திட்டம் கொண்டு வந்தது. மீனவர்கள் நட ஆரம்பிச்சு எட்டு வருஷம் கழிச்சு.

இந்த மீனவர்களுக்குத் தோள் கொடுத்த சஹாபாட் ஆலாம் மலேசியா அமைப்போட தலைவர் யார் தெரியுமா? எஸ்.எம். முகமது இத்ரிஸ். இராமநாதபுரம் பக்கம் பிறந்த தமிழர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் அவர்தான் நடத்தினார். 2019-ல காலமாகும் வரைக்கும் ஓயலை. தலைமைன்னா மேடையில பொன்னாடை வாங்கறதுன்னு நாம பழகிட்டோம். இவங்க தலைமை வேற மாதிரி. முதல் ஆளா சேத்துல இறங்கறது, கடைசி ஆளா ஏறுறது.

திரும்பி வந்து நிர்வாகக் கூட்டத்துல பேசினேன். சுலபமா நடக்கலை. ஒரு பெரியவர் கோவப்பட்டார்: "ஆத்துல விடுறது சம்பிரதாயம், நீ யாரு மாத்த?" நான் சொன்னேன், "ஐயா, விடுறதை மாத்தலை. நைலானும் பிளாஸ்டிக்கும் எப்போ சம்பிரதாயம் ஆச்சு?" அன்னைக்கு முடிவு எதுவும் வரலை. மூணு வாரம் அவர் என்கிட்ட பேசலை. நாலாவது வாரம் அவரே பூக்கடையில நார் மாலை சொல்லி வாங்கிட்டு வந்து சந்நிதியில கொடுத்தார். நான் ஒண்ணும் கேட்கலை, அவரும் ஒண்ணும் சொல்லலை.

இந்த வருஷத் திருவிழாவுல கரகம் மண் குடம், பூ, வேப்பிலையோட மட்டும் இறங்குச்சு. பழைய சாமி படம், துணி போட வாசல்ல ஒரு பெட்டி வச்சிருக்கோம். கழிஞ்ச பூ மண்ணுக்கு உரமாப் போகுது. இன்னும் நைலான் மாலை வருது, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். விலை கம்மி, சீக்கிரம் கட்டலாம். கயிறை அறுத்து எடுக்குற வேலையை நான் செய்யறேன். அது எங்கம்மாவுக்குச் செய்யற கடன்.

அண்ணே, உங்க கேள்விக்கு என் பதில் இதுதான். உழவாரப் பணின்னா கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்குறது. நாம சாமியை அனுப்பி வைக்கிற ஆறும் பிராகாரம்தானே?

அடுத்த மாசம் மறுபடி சுங்கை ஆச்சே போறோம். நட்ட செடியைப் பார்க்கணும்னு பாக் சிக்குக்கு வாக்கு கொடுத்திருக்கோம். பழைய சட்டை, தொப்பி, தண்ணி போத்தல் போதும். பிளாஸ்டிக் வேண்டாம். வர விரும்புறவங்க அலுவலகத்துல பேர் கொடுங்க. அண்ணே, உங்களுக்கு முன் சீட்டு.

எழுதினதுல பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

சர்வம் சிவமயம்.