ஊட்டுக்கு ஒரு சீக்காளி

எங்க நைனா செத்தது தறிக்குழியில. 2017, ஐப்பசி அடைமழை. காலு ரெண்டும் குழிக்குள்ள மிதிமேல அப்படியே இருக்க, நெஞ்சு பலகையில சாஞ்சு கெடந்தார். பாதி நெய்த சேலை. அதுல எச்சில் பட்டு கறையாயிடுச்சுன்னு முதலாளி கடைசிக் கூலியில பிடிச்சிக்கிட்டது தனிக்கதை.

சாவுறதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே நெஞ்சு கரிக்குதுன்னு சொல்லிக்கிட்டுதான் இருந்தார். ஆரணி டவுன்ல ஒரு கிளினிக்குக்கு கூட்டிக்கிட்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் நைனா. "வாயு. காரத்தைக் கொற. சாராயத்தை நிறுத்து." நைனா குடிக்கமாட்டார். குடிப்பியான்னு டாக்டர் கேட்கவும் இல்லை. எந்தத் தெருன்னு மட்டும் கேட்டார். மூணு முறை போனோம். மூணு முறையும் ஸ்டெதஸ்கோப் அவர் கழுத்தை விட்டு இறங்கல. கூடப் போனவன் எம்.ஏ. தமிழ் படிச்சவன், மேடையில மைக்கைப் பிடிச்சா ஒரு மணி நேரம் பேசுறவன். "ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பாருங்க சார்"னு சொல்ல அவனுக்கு வாய் வரல.

இதைச் சொல்லாம அடுத்ததைச் சொன்னா, நான் ஏதோ சொகுசுக்குப் பயந்தவன் மாதிரி ஆயிடும்.

காரியம் முடிஞ்ச ராத்திரி எனக்கு இடது மாருல சுருக்குன்னு ஒரு குத்து. எழுந்து உட்கார்ந்தேன். வேர்த்துக் கொட்டுச்சு. நாடி தடதடன்னு ஓடுது. விடிஞ்சதும் ஓடிப்போய் இ.சி.ஜி. எடுத்தேன். ஒண்ணுமில்லன்னாங்க. அந்த நிம்மதி ரெண்டு வாரம் இருந்தது. ரெண்டாவது இ.சி.ஜி. கொடுத்த நிம்மதி நாலு நாள். மூணாவது, பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட தாங்கல. மிஷின் சரியில்லையோ, மாத்திப் படிச்சிட்டாங்களோ, நைனாவுக்கும் இப்படித்தானே ஒண்ணுமில்லன்னாங்கன்னு யோசனை. அந்தக் கடைசி யோசனைக்கு என்கிட்ட பதில் இல்லை. யார்கிட்டயும் இல்லை.

கண்ணமங்கலம் வழியா வேலூர் போற பஸ்ஸுல கண்டக்டருக்கு என் முகம் பழகிப்போச்சு. எக்கோ, டிரெட்மில், அப்புறம் வயித்துல குழாய் விட்டுப் பார்க்கிறது, தலைக்கு ஸ்கேன். ஒரு எடத்துல ஒண்ணுமில்லன்னா இன்னொரு எடம். நெஞ்சு வலிக்குதான்னு விலா எலும்பை விரலால அமுக்கி அமுக்கிப் பார்த்தே அந்த எடம் நெசமா வலிக்க ஆரம்பிச்சது. அந்த வலியைச் சொல்லிக்கிட்டு மறுபடி ஒரு டாக்டர். அவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையில வயிறு புண்ணாச்சு. அந்த எரிச்சலை மாரடைப்புன்னு நெனச்சு ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆட்டோ. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு எங்க ஆயா சொல்லும். பேய்க்காவது பூசாரி ஒருத்தன் ஒரு தாயத்தோட விடுவான்.

ராத்திரி போர்வைக்குள்ள செல்போன். "இடது கை மரத்துப்போதல்"னு தேடுவேன். பத்து காரணம் வரும். ஒன்பது சாதாரணம், பத்தாவது சாவு. எனக்குப் பத்தாவது மட்டும்தான் கண்ணுல படும்.

பணம் எங்கிருந்து வந்ததுன்னு ரொம்ப நாள் நான் கேட்கல. நைனா தறியில இப்ப அம்மா உட்கார்ந்திருந்தது. முதலாளிகிட்ட முன்பணம் வாங்குனா அதுக்குப் பேரு பாக்கி. பாக்கி தீர்ற வரைக்கும் வேற தறிக்குப் போக முடியாது, கூலி உசத்திக் கேட்க முடியாது. நைனா பாக்கியே பதினோராயிரம் இருந்தது. என் நெஞ்சுக்காக அம்மா அதுக்குமேல இருபத்தேழாயிரம் ஏத்திக்கிட்டது. கொத்தடிமை முறையை ஒழின்னு தாலுகா ஆபீசு எதிர்ல கத்துனவன் நான். என் அம்மாவைத் தறியில இறுக்கிக் கட்டுன கயிறு, என் சட்டைப் பையில ரசீது ரசீதா மடிச்சிக் கெடந்தது.

இன்னொண்ணு சொல்ல வெட்கமா இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆயா மாட்டுக்கறி ஆக்கும். தெருவே மணக்கும். கொழுப்பு ரத்தக்குழாயை அடைச்சிடும்னு நான் தொடறதையே விட்டேன். காலேஜுல மாட்டுக்கறி பத்தி என்னைக் கேலி பேசுன சாதி இந்துப் பையன்கிட்ட சண்டை போட்டு வகுப்பை விட்டு நிறுத்தப்பட்டவன் நான். இப்ப ஆயா தட்டை நீட்டுது, நான் மூஞ்சைத் திருப்பிக்கிறேன். "இன்னாடா, ஐயரு ஊட்டுப் புள்ளையாட்டம் ஆயிட்டே?"ன்னு கேட்டுச்சு. சிரிச்சிக்கிட்டேதான் கேட்டுச்சு. ஆனா அதுக்கப்புறம் என் தட்டுல அது கறி வைக்கல.

இயக்க வேலையும் போச்சு. ஒரு ஊர்ல தேர் விஷயமா நம்ம பசங்களை அடிச்சிட்டாங்க. உண்மை அறியும் குழு கெளம்புச்சு. அந்த ஊருக்குப் பக்கத்துல எவ்வளவு தூரத்துல ஆஸ்பத்திரி இருக்குன்னு செல்போன்ல பார்த்துட்டு, வரலன்னு சொல்லிட்டேன். அடிபட்ட பையனுக்கு வராத பயம் எனக்கு வந்தது. கூட்டத்துல உட்கார்ந்தாலும் மேசைக்குக் கீழ ஒரு கை இன்னொரு கையோட நாடியைப் பிடிச்சிக்கிட்டிருக்கும்.

ஃபூக்கோ படிச்ச தோழர் ஒருத்தர் இருக்கார். மருத்துவ அதிகாரம் உடலை எப்படிக் கண்காணிக்குது, நீயே உனக்குப் போலீஸ்காரன் ஆயிட்டேன்னு விளக்கினார். பாதி சரிதான். ஆனா எங்க நைனாவை யாரும் கண்காணிக்கவே இல்லையே தோழர், கண்ணெடுத்தே பார்க்கலையேன்னு கேட்டேன். இன்னொருத்தர் இது மேட்டுக்குடி நோய், உழைக்கிறவனுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏதுன்னார். அதுவும் சரியில்லை. சேரியில நோய்ப் பயம் இல்லாத வீடு எது? மந்திரிச்சிக்கிறதும் வேப்பிலை அடிச்சிக்கிறதும் ஊசி போடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிறதும் பின்ன என்ன?

2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலை. ஊரே என்னை மாதிரி ஆனது அப்பத்தான். விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டரை நான் நாளைக்கு நாப்பது தடவை மாட்டுவேன். விரல் சில்லுன்னு இருந்தாலே அது கொறைச்சுக் காட்டும்னு அப்ப எனக்குத் தெரியாது. லேசான காய்ச்சலுக்கே நெஞ்சு ஸ்கேனுக்கு வரிசையில நின்னாங்க. ஸ்டீராய்டு மாத்திரையைத் தேவையில்லாமலே, சர்க்கரை இருக்கான்னு பார்க்காமலே முழுங்குனாங்க. அந்த வருஷம் கருப்புப் பூஞ்சையில கண்ணு போனவங்களும் உயிர் போனவங்களும் நாடு முழுக்க இருந்தாங்க. சர்க்கரையும் அளவில்லாத ஸ்டீராய்டும் அதுக்கு முக்கியக் காரணம்னு டாக்டர்களே சொன்னாங்க. பயம் சும்மா மனசுல உட்கார்ந்திருக்கிற சமாச்சாரம் இல்லை. அது மாத்திரையா வயித்துக்குள்ள போகும்.

அந்த ஆகஸ்டுல அரசாங்கம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்குச்சு. எங்க தெருவுக்கு ஒரு பொண்ணு வீடு வீடா வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்தது. 2022 தை மாசம் எங்க வீட்டுக்கு வந்தப்ப மொதல்ல கை நீட்டுனது நான்தான். எல்லாம் சரியா இருந்தது. அப்புறம் அந்தப் பொண்ணு, "அம்மா, நீங்க?"ன்னு கேட்டது. எனக்கு இன்னா, நான் கல்லு மாதிரி கீறேன்னுச்சு அம்மா. விடல அந்தப் பொண்ணு. சர்க்கரை 386.

வலது கால் கட்டைவிரல்ல துணி சுத்தியிருந்தது. மிதியில இடிச்சிக்கிச்சாம். மூணு மாசமா. துணியை அவுத்தா நாத்தம். மூணு மாசமும் ஒரே அறையில படுத்திருந்தவன் நான். என் நாடித்துடிப்பை ராத்திரியில காதுலயே எண்ணத் தெரிஞ்சவனுக்கு அந்த நாத்தம் தெரியல.

"ஏம்மா சொல்லல?"

"ஊட்டுக்கு ஒரு சீக்காளி போதும்டா."

வேலூர்ப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். விரலை எடுத்தாங்க. மத்த காலைக் காப்பாத்துனதே பெருசுன்னாங்க. கட்டு மாத்திக்கிட்டிருந்த நேரத்துல நான் என்ன பண்ணேன்னு இங்க எழுதித்தான் ஆகணும். நெஞ்சு படபடன்னு வருதுன்னு பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் இ.சி.ஜி.க்கு வரிசையில நின்னேன்.

அங்க இருந்த டூட்டி டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். என் பையில இருந்த ரசீதுங்களையும் காகிதங்களையும் ஒவ்வொண்ணா விரிச்சுப் படிச்சார். சட்டையைக் கழட்டச் சொன்னார். கையை நெஞ்சுமேல வெச்சார், அமுக்கிப் பார்த்தார், முதுகுப் பக்கமும் கேட்டார். உங்க அப்பா எப்படி இறந்தார்னு கேட்டார். சொன்னேன். முழுசாச் சொன்னேன், ஸ்டெதஸ்கோப் கழுத்தை விட்டு இறங்காததையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இருதயத்துல நோய் இல்லை. ஆனா உங்களுக்கு நோயே இல்லன்னு சொல்லி அனுப்பமாட்டேன்"னு சொல்லி மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்.

அந்தக் கை நெஞ்சுமேல இருந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. பாபாசாகேப் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் எடுத்துச் சொல்ற சம்பவம் அன்னைக்கு ஞாபகம் வந்தது. கத்தியவார்ல ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். அவர் எழுதுன கடிதம் 1929 டிசம்பர்ல யங் இந்தியாவுல வந்தது. பிள்ளை பெத்து நோவுல கெடந்த அவர் மனைவியைப் பார்க்க டாக்டர் சேரிக்குள்ள வரமாட்டேங்கிறார். வெளியே கொண்டுவந்து படுக்க வைக்கிறாங்க. தெர்மாமீட்டரை டாக்டர் ஒரு முஸ்லிம்கிட்ட கொடுக்கிறார், அவர் கணவன்கிட்ட, கணவன் மனைவிகிட்ட. அதே வழியில அது திரும்பிப் போகுது. விளக்கு வெளிச்சத்துல பார்த்துட்டு நிமோனியான்னு சொல்லிட்டுப் போறார் டாக்டர். அந்த அம்மா செத்துப்போச்சு. எம்.ஏ. படிக்கும்போது இதை வரலாறுன்னு படிச்சேன்.

மனநலப் பிரிவு வாசல்ல ரெண்டு முறை திரும்பி வந்துட்டேன். பைத்தியம்னு தெருவுல சொல்வாங்களேன்னு. மூணாவது முறை உள்ளே போனேன். அங்க சொன்னது எளிமையானதுதான். பயந்தா நாடி வேகமா ஓடும், சில துடிப்பு தப்பும். அதை நோய்னு நெனச்சா பயம் கூடும், நாடி இன்னும் ஓடும். ஒவ்வொரு சோதனையும் கொஞ்ச நேரம் அமைதிப்படுத்தி அடுத்த சோதனைக்குத்தான் பழக்கும். ஆகவே நாடியைப் பிடிக்கிறதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடு, அப்புறம் ரெண்டு மணி நேரம். செல்போன்ல தேடாதே. புதுசா ஏதாவது வந்தா ஒரே டாக்டர்கிட்ட போ. கூட ஒரு மாத்திரை. சொல்ல எளிசு. மொத வாரம் கை வெட்டுப்பட்ட மாதிரி தவிச்சேன்.

பின்னாடி தேடிப் படிச்சேன் (தேடக்கூடாதுதான்). நார்வேயில 7,000 பேருக்கு மேல பன்னெண்டு வருஷம் தொடர்ந்து பார்த்து 2016-ல வெளியிட்டிருக்காங்க. நோய்ப் பயம் அதிகமா இருந்தவங்களுக்கு இருதய நோய் வர்ற வாய்ப்பு சுமார் 70 சதவீதம் கூடுதல். ஸ்வீடன்ல, இது நோய்னே கண்டறியப்பட்ட 4,100-க்கும் மேற்பட்டவங்களை மத்தவங்களோட ஒப்பிட்ட ஆய்வு 2023 டிசம்பர்ல வந்தது. சராசரியா அஞ்சு வருஷம் முன்னாடியே செத்திருக்காங்க. தற்கொலை நாலு மடங்கு. சாவுக்குப் பயந்தவங்க சாவுகிட்ட இன்னும் வேகமாப் போயிருக்காங்க. இதைப் படிச்சிட்டு எனக்கு நெஞ்சு படபடத்ததுன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. சிரிங்க.

ஒரு விஷயத்துல எனக்கு உறுத்தல் இருக்கு. இந்தக் கட்டுரையை ஒரு டாக்டர் படிச்சிட்டு, அடுத்த தடவை நெஞ்சு கரிக்குதுன்னு வர்ற தறிக்காரர்கிட்ட "பயம்தான்யா, போ"ன்னு சொல்லிடக்கூடாது. எங்க நைனாவுக்கு இருந்தது பயமில்லை. எனக்கு இருந்தது மாரடைப்பில்லை. ரெண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும். பிரிச்சுச் சொல்லணும்னா ஒருத்தர் தொட்டுப் பார்க்கணும், எப்ப வலிச்சதுன்னு உட்கார்ந்து கேட்கணும். நைனாவுக்கு அது மூணு தடவையும் கெடைக்கல. எனக்குக் கெடைக்க நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள செலவானது அம்மாவோட பாக்கியும் விரலும்.

அம்மா இப்ப தறி மிதிக்கிறதில்லை. கட்டைவிரல் இல்லாத கால் மிதியில நிக்காது. ராட்டையில தார் சுத்துது. நாள் முழுக்கச் சுத்துனாலும் நெய்த கூலியில கால்வாசி வராது. பாக்கியில இன்னும் ஒன்பதாயிரம் நிக்குது. நான் டியூஷன் எடுத்துக் கட்டிக்கிட்டு வர்றேன். முதலாளி என்னைப் பார்க்கிறப்பெல்லாம், "தம்பி ஒடம்பு எப்படி?"ன்னு கேட்பார்.

போன ஞாயித்துக்கிழமை ஆயா கறி ஆக்குச்சு. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ராத்திரி இடது மாருல அதே சுருக். கை தானா மணிக்கட்டுக்குப் போச்சு. இருட்டுக்குள்ள அம்மா குரல்.

"இன்னாடா, எண்றியா?"

"ஆமாம்மா."

"எத்தினி?"

"எழுபத்தெட்டு."

"செரி, படு."