நெல்லியடியில் ஒரு பழைய ஓட்டுக்கூரை

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே பயணஞ் செய்வோர் கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்னும் செம்மண் ஊர்களைக் கடந்ததும் மரமும் மதிலும் திடீரென மறைந்துவிடக் காண்பர். அதுதான் வல்லைவெளி. இருபுறமும் உப்பு நிலம், நடுவே பாலம், கீழே தொண்டைமானாற்று நீரேரி. சோளகக் காற்று அங்கே தடையின்றி வீசி, நாவில் உப்புச் சுவையை ஒட்டவைத்துச் செல்லும். வலிகாமம் அங்கே முடிகின்றது. அக்கரையில் வடமராட்சி தொடங்குகின்றது. சற்றுத் தொலைவில் நெல்லியடிச் சந்தி.

நெல்லியடியை ஊர் என்பதைவிடச் சந்தி என்பதே பொருந்தும். கொடிகாமத்து வீதியும் பருத்தித்துறை வீதியும் கூடுமிடத்தில் சந்தை, வங்கிகள், புடைவைக் கடைகள், நகை மாடங்கள் யாவும் நெருங்கி நிற்கின்றன. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி பிறந்த கரவெட்டி கூப்பிடு தூரத்தில் உள்ளது. 1987 யூலை 5ஆந் திகதி படைமுகாமாயிருந்த மத்திய மகாவித்தியாலயக் கட்டடம் வெடிமருந்து ஏற்றிய வாகனத்தால் தாக்கப்பட்டதும் இவ்வூரிலேதான். போர் பலமுறை மிதித்துச் சென்ற இடமாகையால், பழைய கட்டடம் ஒன்று முழுமையாக நிற்கக் கண்டால் நமக்கு அது வியப்பாகவே இருக்கின்றது.

அத்தகைய ஒன்றினுள் நாம் தேநீர் அருந்த நுழைந்தோம். வெளிநாட்டார் ஹோட்டல் என்றால் தங்கும் விடுதியை எண்ணுவர். நம்மவருக்கோ அது சாப்பாட்டுக் கடை. சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர், பனஞ்சிலாகை மேல் வேய்ந்த ஓடு, தெருவை நோக்கிய திண்ணை. இத்தகைய திண்ணைகளுக்குப் பெருமை மட்டுமன்றி வேறொரு வரலாறும் உண்டு. உள்ளே வர விடாமல், வேறு குவளையில் தேநீர் ஊற்றிச் சிலரை வெளியே நிறுத்திய காலம் அவற்றுக்குத் தெரியும். 1957ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாக்கிய பின்னரும், குடாநாட்டின் பல ஊர்களில் 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. பழைய கட்டடங்களைக் காக்க வேண்டுமென்போர் இதனையும் சேர்த்தே காக்க வேண்டும்.

கடை முதலாளியார் அன்று கூரையை அண்ணாந்து பார்த்தவண்ணம் இருந்தார். மின்கட்டணம் தாங்கவில்லை, சூரிய மின்தகடு பூட்டுவதா என்பது அவருடைய யோசனை.

"எல்லாரும் போடச் சொல்லுகினம், ஐயா. ஆனால் கரண்ட் நிண்டால் இதுவும் நிண்டிடுமாம். அப்ப என்னத்துக்கு இது?" என்றார்.

அவர் கேட்டது வெறுங் கேள்வியன்று. 1990இல் மீண்டும் போர் மூண்ட பின் குடாநாடு மின்சாரமின்றிக் கிடந்ததை அறிந்தவர் அவர். மண்ணெண்ணெய் பொன்னாக விலைபோன அக்காலத்தில், ஜாம் போத்தலுக்குள் ஒரு துண்டு பஞ்சும் சில துளி எண்ணெயும் இட்டு எரித்த சிறு சுடரிலேதான் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 2022 மார்ச் 31ஆந் திகதி நாடு முழுவதும் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது தென்னிலங்கை திகைத்தது. வடமராட்சி முதியோர் போத்தலைத் தேடினர்.

ஆனால் அவர் கேட்டதும் மெய்யே. பொது மின்கம்பியுடன் இணைந்த சூரியத் தொகுதி, கம்பியில் மின்சாரம் அற்றதும் தானே அணைந்துவிடும். கம்பத்தில் ஏறித் திருத்த வேலை செய்பவரை நம் கூரை மின்சாரம் தாக்கலாகாது என்பதற்கான பாதுகாப்பு அது. நடுப்பகல் வெயில் கொளுத்தும்போதும் கடை இருண்டே கிடக்கும். அவர் வேண்டும் வெளிச்சத்துக்கு மின்கல அடுக்கும் அதற்கேற்ற கருவியும் தனியே வேண்டும், செலவும் பெரிது. விற்போர் இதனை முதலிலே சொல்வது நன்று.

கம்பி இணைப்பால் பயனில்லை என்பதுமன்று. கடையில் உழுந்து அரைப்பது விடியுமுன். வெயில் வருவதோ அதன் பின். பகலில் மிஞ்சும் மின்சாரத்தைக் கம்பிக்கு அனுப்பிக் கணக்கில் வைத்தாலன்றி அந்த அரைவைக்குச் சூரியன் உதவான். 2016இல் அரசு தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டம், மிகுதி அலகு ஒன்றுக்கு முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாவும் பின்னர் 15 ரூபா 50 சதமும் தருவதாகச் சொல்லிற்று. பிறகு வந்தவர்களுக்கு விலைகள் மாறின. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலோ, மின்சாரப் பாவனை குறைந்தமையால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. வெயிலும் வேண்டாப் பொருளாகும் நாள் வருமென்று யார் எண்ணினார்!

அடுத்தது கூரை. ஒரு கிலோவாற்றுக்கு ஏறக்குறைய 5, 6 சதுரமீற்றர் இடம் வேண்டும். நாளொன்றுக்கு 4 அலகு வரை எதிர்பார்க்கலாம். பழைய சிலாகைகள் பாரத்தைத் தாங்கினும், ஆணியும் பிடியும் இறக்க ஓடுகளை நகர்த்தினால் மாரியில் ஒழுக்கு நிச்சயம். உப்புக் காற்றில் மலிவான இரும்புப் பிடிகள் துருப்பிடித்துவிடும். பின்புறத்துச் சமையற்கட்டின் தட்டையான கொங்கிறீற்றுக் கூரை வெறிதே கிடப்பதை நாம் சுட்டிக் காட்டினோம். தெருமுகத்து ஓடு பழையபடி இருக்கட்டும். பின்கூரையில் தெற்கு நோக்கி 10 பாகை அளவு சரித்து, கீழே காற்றோடும்படி உயர்த்திப் பூட்டலாம். சூடேறச் சூடேறத் தகட்டின் திறன் குறைவதால் அந்த இடைவெளி அவசியம்.

பழைய ஹோட்டல்கள் புதிய சக்திக்கு மாறியதற்குச் சான்று இல்லாமலில்லை. 1960களில் ஜெப்ரி பாவா வரைந்த நீர்கொழும்பு 'புளூ லகூன்', இன்று 'ஜெற்விங் லகூன்' என்னும் பெயரில், கறுவா விறகை எரித்த நீராவி கொண்டு அறைகளைக் குளிரூட்டுகின்றது. அருகிலே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியனும் காற்றும் சேர்ந்த மின் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது.

இக்குடாநாட்டில் எண்ணெய் மின்சாரத்தை விடுவதற்குக் கட்டணத்தினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. இங்கே ஆறில்லை, சுண்ணக்கற் பாறைக்குள் ஊறிய மழைநீரே கிணறு. சுன்னாகத்து மின்நிலையச் சூழலில் அக்கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெருங் கவலையாயிற்று. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. முதலாளியாரிடம் இதைச் சொன்னபோது, அவர் எழுந்து சென்று தம் கிணற்று நீரில் ஒரு செம்பு கொண்டுவந்து எம்முன் வைத்தார்.

"குடிச்சுப் பாருங்கோ. இந்தத் தண்ணியிலதான் தேத்தண்ணி," என்றார்.

தகட்டுக்காரரை வரும் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருப்பதாகவும், மின்கல அடுக்குக்கும் விலை கேட்கப் போவதாகவும் தெரிவித்தார். வெளியே கொடிகாமத்து பஸ் புறப்பட ஆயத்தமாயிற்று.