அடர்பழுப்புச் சுவரும் உம்மாவின் நாற்காலியும்



காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் உள்ளது எங்கள் பழைய வீடு. 1954 நவம்பரில் பிரெஞ்சு நிர்வாகம் விடைபெறுவதற்கு முன்பே, சைகோனில் வாணிபம் செய்த பாட்டனாரின் சம்பாத்தியத்தில் எழுந்தது. தேக்குத் தூண்களும் நிலைகளும் உத்தரங்களும், கரையானுக்கு அஞ்சி முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிப் பூசியே கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டன. சுவர்களுக்கோ ஆண்டுதோறும் நோன்புக்கு முன்னர் சுண்ணாம்பு வெள்ளைதான்.

மகளின் நிக்காஹுக்காக விடுமுறையில் வந்த மகன், "வாப்பா, கூடத்துச் சுவர்களை அடர்பழுப்பாக்கிவிடுவோம். மரத்தோடு இசைந்து நிற்கும்" என்றான். செலவுக் கணக்கைப் பார்த்தபோது இஸ்ராஃப் என்று உள்ளம் உறுத்தத்தான் செய்தது. விருந்தினர் வருவார்களே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். தேடினால் நியாயம் கிடைக்காமலா போகும்! வேலைக்கு வந்த முதிய பெயின்டர் ஒருவர், "பாய், சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். எமல்ஷன் பூசினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும்" என்று எச்சரித்தார். அதையும் கேட்கவில்லை. மூன்று பூச்சு ஏறியது. வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள், மகிழ்ந்தேன்.

உம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. ஒரு கண்ணில் புரை அகற்றியிருக்கிறோம். அஸருக்குப் பின் கூடத்துச் சன்னலோரம் நாற்காலியிட்டுப் பெரிய எழுத்துக் குர்ஆனை ஓதுவது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். நிக்காஹ் முடிந்த சில நாட்களில் அந்த நாற்காலி திண்ணைக்குப் போய்விட்டது. காற்றுக்காக என்று எண்ணிக்கொண்டேன். ஒரு மஃக்ரிப் வேளையில் உளூ செய்துவிட்டுத் திரும்பியவர்கள், சுவரைத் தடவியபடி வந்து, நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார்கள். பதறி ஓடினேன். நெற்றியைத் தேய்த்தவாறே, "சுவரு அழகாத்தான் இருக்கு வாப்பா. நிலை எங்கே, சுவரு எங்கேன்னுதான் புரியலே" என்றார்கள். அவ்வளவுதான். ஒரு குறைச்சொல் இல்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பித் தரும்; அடர்பழுப்பு தருவது 10 விழுக்காட்டுக்கும் குறைவு. ஓதும் எழுத்து உம்மாவுக்கு எப்படித் தெரியும்? நம் முன்னோர் பழுப்பு நிறத்தை வெறுத்தவர்கள் அல்லர். கை பற்றும் தூணுக்கும் கதவுக்கும் நிலைக்கும் அதைக் கொடுத்தார்கள். ஒளி தர வேண்டிய சுவருக்கு வெள்ளையைக் கொடுத்தார்கள். வெள்ளைக்கு நடுவே கரிய நிலை நின்றால், மங்கிய கண்ணும் வாசலைக் கண்டுகொள்ளும். எழுபது ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்த எனக்கு இது உம்மாவின் நெற்றி வீங்கிய பிறகே விளங்கியது.

பெயின்டர் சொன்னதும் பலித்தது. ஐப்பசி அடைமழையில் அடிச்சுவரெங்கும் உப்புப் பூத்து, பழுப்பின்மேல் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிந்தது. ஆங்காங்கே தோல்போல உரிந்தது. மழை ஓய்ந்ததும் அவரையே அழைத்துச் சுரண்டச் சொன்னேன். "அன்னிக்கே சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உம்மாமா எனக்கு ஒன்றுமே சொல்லவில்லையே வாப்பா" என்றான். பிறகு, வாசலும் சன்னலும் இல்லாத மேற்குச் சுவரை மட்டும் விட்டுவைக்கலாமா என்று தயங்கிக் கேட்டான். விட்டுவைத்திருக்கிறேன். அதில் பூக்கும் உப்பை வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் புறப்படும் முன் துணியால் துடைக்கிறேன். அதன் எதிரே, சன்னலோரம், உம்மாவின் நாற்காலி பழைய இடத்தில் கிடக்கிறது.